மறதியில் வாழும் பெற்றோரும் மறக்கலாகாத கடமையும்

 



நம் குமரி மாவட்டத்து மஹல்லாக்களில் ஜும்ஆ முடிந்ததும் ஆலிம்களிடம் மஸ்அலா கேட்க வருவோர் உண்டு. அண்மைக் காலமாக ஒரே வகைக் கேள்வி பல வீடுகளிலிருந்தும் வருகிறது. "ஹஜ்ரத், வாப்பா அஸர் தொழுத கையோடு, இன்னும் அஸர் தொழவில்லை என்று மறுபடியும் எழுந்து நிற்கிறார்கள். என்ன செய்ய?" "உம்மாவுக்கு ரமளான் என்பதே நினைவில் இல்லை. பித்யா கொடுக்கணுமா?" "பெற்ற மகனைப் பார்த்து நீ யார் என்று கேட்கிறார்கள். வீட்டிலே இருந்துகொண்டே வீட்டுக்குப் போகணும் என்கிறார்கள்." கேட்பவர் பெரும்பாலும் குரலைத் தாழ்த்தியே கேட்கிறார். பக்கத்தில் யாரும் நிற்கிறார்களா என்று பார்த்துக்கொள்கிறார். நோயின் கவலையோடு ஊர் அறிந்துவிடுமே என்ற நாணமும் அவருக்கு இருக்கிறது. இக்கவலைக்கும் இந்நாணத்துக்கும் மார்க்கம் சொல்லும் விடையைச் சிறிது விரிவாகப் பார்ப்போம்.

திருமறை முன்பே அறிவித்த நிலை

மனிதரில் சிலர் தளர்ந்த வயதுக்குத் திருப்பப்படுவதையும், எல்லாம் அறிந்திருந்தவர் பின்னர் ஒன்றும் அறியாதவராகிவிடுவதையும் அருள்மறை இரண்டு இடங்களில் (16:70, 22:5) எடுத்துச் சொல்கிறது. அந்த வயதுக்கு 'அர்தலுல் உமுர்' என்று பெயர். அந்நிலைக்குத் தள்ளப்படுவதை விட்டும் நாயகம் (ஸல்) அவர்கள் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடியதை ஸஃது இப்னு அபீவக்காஸ் (ரலி) அவர்கள் அறிவிக்க, இமாம் புகாரி (ரஹ்) பதிவு செய்திருக்கிறார்கள். சற்றே சிந்தியுங்கள்! நல்லோருக்கு வராது என்றிருந்தால், நல்லோரின் தலைவர் அதை விட்டும் பாதுகாப்புத் தேடியிருப்பார்களா? ஆகவே இது குடும்பத்துக்கு நேர்ந்த இழுக்கும் அன்று. வாப்பா செய்த பாவத்தின் கூலி என்று சொல்ல எவருக்கும் உரிமையும் இல்லை.

நினைவாற்றலுக்குப் பேர்போன மண் நம்முடையது. இடலாக்குடியில் பிறந்த செய்குத்தம்பிப் பாவலர் அவர்கள் 1907ஆம் ஆண்டு சென்னை விக்டோரியா மண்டபத்தில் ஒரே சமயத்தில் நூறு விஷயங்களைக் கவனத்தில் நிறுத்திச் சதாவதானி என்று போற்றப்பட்டார்கள். அத்தகைய நினைவைக் கொடுப்பவனும் அல்லாஹ்தான். இன்னொருவரிடமிருந்து பெற்ற மகளின் பெயரையும் எடுத்துக்கொள்பவன் அவனே. நினைவு என்பது நம் கையில் தரப்பட்டிருக்கும் அமானத். தந்தவன் திருப்பி எடுக்கும்போது ஏளனம் செய்ய அங்கே ஒன்றுமில்லை.

நோயை நோயென்று அறிவோம்

வயதானால் சாவியை வைத்த இடம் மறப்பது இயல்பு. சாவி எதற்கு என்பதே மறந்துபோனால் அது நோய். மருத்துவர்கள் இதை டிமென்ஷியா என்கிறார்கள். இதில் பெரும்பான்மையானது அல்சைமர் நோய். ஜெர்மானிய மருத்துவர் அலோய்ஸ் அல்சைமர் 1906ஆம் ஆண்டு இதனை முதன்முதலில் விளக்கியதால் அவர் பெயரே நோய்க்கு வந்தது. மூளையின் உயிரணுக்கள் சிறிது சிறிதாக அழிகின்றன. அண்மையில் நடந்தவை முதலில் மறந்துபோகின்றன. இளமையில் நடந்தவை நெடுநாள் தங்குகின்றன. இரத்தக்கொதிப்பும் நீரிழிவும் பக்கவாதமும் மூளைக்குச் செல்லும் இரத்தக் குழாய்களைக் கெடுப்பதாலும் இந்நிலை வரலாம். 2023இல் வெளியான தேசிய ஆய்வு ஒன்று, இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 88 லட்சம் பேருக்கு, இந்நோய் இருப்பதாகக் கணக்கிட்டது. ஆகவே உங்கள் வீட்டில் மட்டும் நேர்ந்துவிட்டதாக எண்ண வேண்டாம்.

ஜின் தீண்டியது, யாரோ செய்வினை செய்தார்கள் என்று ஊர் ஊராக அலைந்து பொருளையும் காலத்தையும் இழப்போர் இன்றும் இருக்கிறார்கள். ஓதிப் பார்ப்பதும் துஆச் செய்வதும் நன்றே. அதற்காக மருத்துவரிடம் போகாமலிருப்பது சுன்னத்துக்கு மாற்றம். மருத்துவம் செய்துகொள்ளுமாறு ஏவிய நாயகம் (ஸல்) அவர்கள், அல்லாஹ் மருந்தில்லாமல் எந்த நோயையும் வைக்கவில்லை என்றும், முதுமை ஒன்றே அதற்கு விலக்கு என்றும் கருத்துப்படச் சொன்னதாக உஸாமா இப்னு ஷரீக் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இந்த ஹதீஸில் நமக்கு இரு பாடங்கள் உள்ளன. முதலாவது, மருந்துள்ளதற்கு மருந்து தேட வேண்டும். வைட்டமின் பி12 குறைவு, தைராய்டுக் கோளாறு, மனச்சோர்வு, தலையில் பட்ட அடி, சிறுநீர்த் தொற்று, காது கேளாமை ஆகியவையும் மறதிபோலத் தோன்றும்; சிகிச்சை செய்தால் இவற்றில் பல சீராகும். ஆசாரிபள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ, திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் மருத்துவ நிலையத்துக்கோ அழைத்துச் சென்று காட்டுவது பிள்ளைகளின் பொறுப்பு. இரண்டாவது, அல்சைமர் நோயை முற்றாக நீக்கும் மருந்து இன்றுவரை இல்லை; வேகத்தைக் குறைக்கவும் தொல்லையைத் தணிக்கவுமே மருந்துகள் உள்ளன. 'ஒரே மாதத்தில் குணம்' என்போரிடம் பணத்தைக் கொடுத்து ஏமாறலாகாது.

முன்னோர் காட்டிய ஒழுக்கம்

ஹதீஸ் கலையைக் கற்றோர் 'இக்திலாத்' என்ற சொல்லை அறிவார்கள். அறிவிப்பாளர் ஒருவருக்கு முதுமையில் நினைவு குழம்பிவிடுவதைக் குறிக்கும் சொல் அது. கூஃபாவின் அதாஉ இப்னுஸ் ஸாஇப், பஸராவின் ஸயீது இப்னு அபீஅரூபா போன்ற பெரியோர்களுக்கும் இந்நிலை நேர்ந்தது. அறிஞர்கள் என்ன செய்தார்கள்? குழம்பிய பின் கேட்டவற்றைத் தனியே பிரித்தார்கள். குழம்புவதற்கு முன் கேட்டவற்றை ஏற்றுப் போற்றினார்கள். கடைசி சில ஆண்டுகளின் தளர்ச்சியைக் கொண்டு ஒருவருடைய வாழ்நாள் உழைப்பைத் தள்ளிவிடவில்லை.

இதில் பஸராவின் இமாம் ஜரீர் இப்னு ஹாஸிம் (ரஹ்) அவர்களின் வரலாறு ஒவ்வொரு மகனும் மகளும் அறிய வேண்டியது. ஹிஜ்ரி 170இல் மறைந்த அன்னாருக்கு இறுதிக் காலத்தில் நினைவு குழம்பியது. அவர்களுடைய பிள்ளைகளும் ஹதீஸ் கற்றவர்களே. தந்தையின் நிலையை உணர்ந்ததும், அந்நிலையில் யாரும் வந்து ஹதீஸ் கேட்காதவாறு தடுத்துக்கொண்டார்கள். அதனால் குழம்பிய நிலையில் அவர்களிடமிருந்து எவரும் எதையும் கேட்கவில்லை என்று அறிஞர் அப்துர் ரஹ்மான் இப்னு மஹ்தீ (ரஹ்) சான்று பகர்கிறார்கள். வாழ்நாளெல்லாம் தேடிய நற்பெயரைத் தாமே அறியாமல் தந்தை இழந்துவிடலாகாது என்று அப்பிள்ளைகள் காவல் நின்றார்கள்.

அவர்கள் மறைத்ததும், இன்று நம்மில் சிலர் மறைப்பதும் ஒன்றல்ல. தந்தையின் தடுமாற்றத்தை அவர்கள் ஊரார் கண்ணிலிருந்து மறைத்தார்கள். நாமோ தந்தையையே மறைக்கிறோம். விருந்தாளி வந்தால் உள்ளறையில் வைத்துப் பூட்டுகிறோம். நிக்காஹ் வைபவத்துக்கு அழைத்துச் செல்வதில்லை. புத்தி தடுமாறியவர்களைக் கண்காணாத இடத்தில் கொண்டுபோய் விடும் வழக்கம் எங்கே முடிந்தது என்பதற்கு ஏர்வாடி சாட்சி. அங்கே 2001 ஆகஸ்ட் 6 அன்று தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது, சங்கிலியில் பிணைக்கப்பட்டிருந்தவர்கள் ஓட வழியின்றி 28 பேர் மாண்டார்கள். பூட்டிய உள்ளறையில் தீப்பற்றினாலும் தப்பிக்க வழியில்லை என்பதை நினைவில் வையுங்கள். பெற்றோரின் தடுமாற்றத்தை மறைப்பது ஈமானின் பண்பு. அவர்களையே மறைப்பது அநீதி.

எழுதுகோல் யாரை விட்டும் உயர்ந்தது?

உறங்குபவர் விழிக்கும் வரையும், குழந்தை பருவமடையும் வரையும், புத்தி நீங்கியவர் தெளிவு பெறும் வரையும் அவர்களை விட்டும் எழுதுகோல் உயர்த்தப்பட்டுள்ளது என்னும் கருத்துள்ள நபிமொழியை நாம் அறிவோம். அபூதாவூத், திர்மிதி உள்ளிட்ட நூல்களில் அது வந்துள்ளது. இதன்படி முதலில் கேட்ட மஸ்அலாக்களுக்கு விடை காண்போம்.

புத்தி முற்றிலும் நீங்கிவிட்டவருக்குத் தொழுகையோ நோன்போ கடமை இல்லை. அந்தக் காலத்து நோன்புகளுக்குப் பித்யாவும் இல்லை. பித்யா என்பது புத்தி தெளிவாயிருந்து, உடல் தளர்ச்சியால் நோன்பு நோற்க இயலாத முதியவருக்குரியது. சில வேளை தெளிவும் சில வேளை குழப்பமும் உள்ளவருக்குத் தெளிவுள்ள வக்தின் தொழுகை உண்டு. விடுபட்டவற்றின் களாவில் ஹனஃபி, ஷாஃபிஈ மத்ஹபுகளுக்கிடையே விளக்க வேற்றுமை இருப்பதால், நிலைமையைச் சொல்லி ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள். ரக்அத்தும் ஸஜ்தாவும் எண்ணம் தப்பிப்போகும் நோயாளி, பக்கத்திலிருப்பவர் எடுத்துச் சொல்லச் சொல்லத் தொழுதால் அது நிறைவேறும் என்பதற்கு ஹனஃபி நூலான துர்ருல் முக்தாரில் ஆதரவு உண்டு. ஆகவே வாப்பாவின் அருகில் பேரன் ஒருவன் அமர்ந்து, "இப்ப ருகூவு, இப்ப ஸுஜூது" என்று மெல்லச் சொல்லிக் கொடுக்கட்டும். தொழுததை மறந்து மறுபடியும் தொழ நின்றால் தடுத்து வழக்காட வேண்டாம், நிற்கட்டும். கிப்லா மாறி நின்றால் தோளைத் தொட்டு மெதுவாகத் திருப்பிவிடுங்கள், போதும். தடுமாறிய புத்தியில் வாப்பா 'தலாக்' என்று சொல்லிவிட்டாரே என்று நடுங்கும் உம்மாமார்களும் உண்டு. புத்தி பேதலித்தவரைச் சட்ட நூல்கள் 'மஃதூஹ்' என்கின்றன. அவர் சொல்லும் தலாக் நிகழாது. அந்தத் தாய் நிம்மதியாக இருக்கட்டும்.

இனி அவருடைய பழைய அமல்களின் நிலை என்ன? அடியான் ஒருவன் நோயுற்றாலோ பயணத்திலிருந்தாலோ, ஊரில் சுகமாயிருந்தபோது செய்துவந்த அமலின் நன்மையே அவனுக்கு எழுதப்படுகிறது என்ற கருத்தில் அபூமூஸா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியில் உள்ளது. 'வத்தீனி' சூராவில் வரும் முடிவில்லாத கூலியைப் பற்றி விளக்கும்போது விரிவுரையாளர்களில் ஒரு சாரார், தள்ளாமையில் செய்ய இயலாதுபோன நல்லமல்களின் கூலி முஃமினுக்குத் தொடர்ந்து வருவதையே அது குறிக்கும் என்கிறார்கள். நாற்பது ஆண்டுகள் சுப்ஹுக்குப் பள்ளிக்கு நடந்த உங்கள் வாப்பா அந்த நடையை மறந்திருக்கலாம். அல்லாஹ் மறக்கவில்லை.

ஆனால் சகோதரர்களே! எழுதுகோல் அவரை விட்டுத்தான் உயர்ந்தது. நம்மை விட்டு உயரவில்லை. அவர் சட்டையை அழுக்காக்கியது எழுதப்படாது. அதற்காக நாம் அதட்டியது எழுதப்படும். அவர் ஒரே கேள்வியைப் பத்து முறை கேட்டது எழுதப்படாது. பத்தாவது முறை நாம் என்ன பதில் சொன்னோம் என்பது எழுதப்படும்.

சொத்தும் கையெழுத்தும்

இந்நோய் வந்த வீட்டில் ஷைத்தான் நுழையும் முதல் வாசல் பத்திரம். தென்னந்தோப்பையோ கடையையோ, வாப்பாவின் கைப்பெருவிரலைப் பிடித்துத் தன் பெயருக்கு எழுதிக்கொள்ளும் பிள்ளைகள் இல்லாமலில்லை. புத்தி பேதலித்தவர் செய்யும் ஹிபா மார்க்கத்தில் செல்லாது. 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டமும் தெளிந்த சித்தமில்லாதவர் செய்த ஒப்பந்தத்தைச் செல்லாதென்றே சொல்கிறது. அப்படிப் பெற்ற சொத்து மற்ற வாரிசுகளின் உரிமையைப் பறித்த ஹராமான பொருளாகும்.

விவரமற்றோரிடம் பொருளை ஒப்படைக்காமல், அதிலிருந்தே அவர்களுக்கு உணவும் உடையும் அளித்து, அவர்களிடம் இனிய சொல் பேசுமாறு திருமறை (4:5) ஏவுகிறது. பணத்தைப் பற்றிய கட்டளையிலேயே இனிய சொல்லும் சேர்ந்து வந்திருப்பதைக் கவனியுங்கள். கடன் எழுத இயலாத பலவீனருக்காக அவருடைய பொறுப்பாளர் நீதியோடு எழுதித் தருமாறு 2:282 வசனம் பணிக்கிறது. ஆகவே பொறுப்பேற்பவர் வரவையும் செலவையும் கணக்கெழுதி, உடன்பிறந்தோர் எல்லோருக்கும் காட்ட வேண்டும். நோயின் தொடக்கத்தில், புத்தி தெளிவாக இருக்கும்போதே கடன், அமானத், வஸிய்யத் ஆகியவற்றை அவரிடம் கேட்டுச் சாட்சிகளோடு எழுதி வைத்துக்கொள்வது அறிவுடைமை. பராமரிக்காத பிள்ளைகளிடமிருந்து ஜீவனாம்சம் பெற 2007ஆம் ஆண்டுச் சட்டப்படி கோட்டாட்சியரிடம் முறையிடவும் முதியோருக்கு வழியுண்டு. முஸ்லிம் வீட்டு முதியவர் அந்தப் படியேறும் நிலை வரலாகாது.

நாள்தோறும் நடந்துகொள்ளும் முறை

பெற்றோரில் ஒருவரோ இருவருமோ முதுமையடைந்தால் 'சீ' என்றுகூடச் சொல்லாதே என்னும் கட்டளை (17:23) எல்லோரும் அறிந்தது. அதில் 'இந்தக' என்றொரு சொல் இருக்கிறது. 'உன்னிடத்தில்' என்பது அதன் பொருள். முதுமையில் பெற்றோர் இருக்க வேண்டிய இடம் எது என்பதை அந்தச் சொல்லே காட்டிவிடுகிறது.

வீட்டிலிருந்துகொண்டே "வீட்டுக்குப் போவணும்" என்று வாப்பா புறப்பட்டால், இதுதான் உங்கள் வீடு என்று வாதாடினால் கோபமே மிஞ்சும். "சரி வாப்பா, சாயா குடிச்சிட்டுப் போவோமே" என்று கையைப் பிடித்து முற்றத்தில் இரண்டு நடை நடத்தி வந்தால் மனம் மாறிவிடும். மௌத்தாகிப் போன வாப்பாவைத் தேடி உம்மா அழுதால் என்ன சொல்வது? ஒவ்வொரு முறையும் மரணச் செய்தியைச் சொன்னால், அந்தத் தாய் ஒவ்வொரு முறையும் அன்றுதான் விதவையாகிறார். பொய் சொல்லவும் வேண்டாம். புண்ணைக் கீறவும் வேண்டாம். "வாப்பாவைப் பத்திச் சொல்லுங்க உம்மா, கேக்கணும்போல இருக்கு" என்று பேச்சைத் திருப்புங்கள். பொய்யில்லாமல் பேச்சைச் சுற்றிச் செலுத்துவதை அறிஞர்கள் அனுமதித்திருக்கிறார்கள்.

பொழுது சாயும் மஃரிப் வேளையில் இந்நோயாளிகளுக்குக் கலக்கம் கூடும். முன்கூட்டியே விளக்கேற்றி, சந்தடியைக் குறையுங்கள். ஒளுச் செய்யும் இடத்தில் வழுக்காத விரிப்பும் பிடித்துக்கொள்ளக் கம்பியும் வையுங்கள். குளமும் கால்வாயும் நிறைந்த நாஞ்சில் நாட்டில் வாசற்கதவு கவனம் தேவை. சட்டைப் பையில் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிய அட்டை எப்போதும் இருக்கட்டும். மூக்குக் கண்ணாடியும் காதுக் கருவியும் சரியாக இருக்கின்றனவா என்று பாருங்கள்; பாதிக் குழப்பம் அவற்றால் வருவதுண்டு.

பழக்கமானது எளிதில் மறப்பதில்லை. தக்கலையில் பீர் முஹம்மது அப்பா அவர்களின் ஞானப் புகழ்ச்சி ரஜப் மாதத்தில் இரவெல்லாம் பாடப்படுவதை அறிவீர்கள். அப்படி இளமையில் நெஞ்சில் பதிந்த பைத்துகளையும் ஃபாத்திஹாவையும், மகன் பெயர் மறந்தவரும் பிழையின்றி ஓதுவதுண்டு. பாங்குச் சத்தம் கேட்டதும் தொப்பியைத் தேடும் கை இன்னும் இருக்கிறது. ஐவேளைத் தொழுகையே அவருக்குக் கடிகாரமாகட்டும். இயன்ற நாளில் பள்ளிக்கு அழைத்து வந்து, ஸஃப்பின் ஓரத்தில் மகன் பக்கத்தில் நிற்க வைத்துத் தொழச் செய்யுங்கள். அவர் இடையில் பேசினால் ஜமாஅத்தார் முகம் சுளிக்க வேண்டாம். பெரியோரைக் கண்ணியப்படுத்தாதவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்ற நபிமொழி பள்ளிக்குள்ளும் பொருந்தும்.

பணிவிடை செய்பவருக்கும் பங்கு கேட்போம்

நம் மாவட்டத்துப் பிள்ளைகள் பலர் வளைகுடா நாடுகளில் இருக்கிறார்கள். மாதந்தோறும் பணம் வருகிறது. வெள்ளிக்கிழமை தொலைபேசி வருகிறது. இரவு மூன்று மணிக்கு எழுந்து துணி மாற்றுபவர் ஒரு மருமகள், அல்லது கணவன் வீட்டிலிருந்து திரும்பி வந்த ஒரு மகள். பெற்றோருக்குப் பணிவிடை செய்யும் கடமை மார்க்கத்தில் அவர்கள் பெற்ற ஆண், பெண் மக்கள் மீதே உள்ளது. மருமகள் செய்வது உபகாரம். உபகாரத்தைக் கடமைபோல வாங்கிக்கொண்டு குறையும் சொல்வது நன்றிகெட்ட செயல். விடுமுறையில் வரும் மகன் விருந்துக்குப் போகுமுன் வாரத்தில் சில இரவுகளேனும் வாப்பாவின் கட்டிலருகே படுத்து, அவளை உறங்கவிடட்டும். கூலிக்கு ஆள் வைத்துக்கொள்வதிலும் குற்றமில்லை. மஹல்லாவின் இளைஞர்கள் முறைவைத்து, வாரத்தில் ஒரு மாலை இத்தகைய வீட்டில் இரண்டு மணி நேரம் அமர்ந்தால் அது ஜமாஅத்தின் பெரிய தர்மமாகும்.

துணைக்கு வருவோரும் இருக்கிறார்கள். கேரளத்தில் 1992இல் தொடங்கப்பட்ட இந்திய அல்சைமர் சங்கம் இந்நோயாளிகளின் குடும்பத்தாருக்கு வழிகாட்டிவருகிறது. முதியோர் உதவிக்கு 14567 என்ற எண்ணும், பணிவிடை செய்து மனம் சோர்ந்தவர் பேச 14416 என்ற எண்ணும் அரசால் நடத்தப்படுகின்றன.

பல இரவு உறங்காதவர் ஒருநாள் பொறுமையிழந்து அதட்டிவிட்டு, பின்பு அழுவதும் நடக்கிறது. அவருக்கும் திருமறையில் ஆறுதல் இருக்கிறது. பெற்றோரைப் பற்றிய அந்த வசனங்களுக்கு அடுத்த வசனமே (17:25), உள்ளங்களில் இருப்பதை இறைவன் அறிவான் என்றும், நல்லோராயிருந்து மீள்வோரை அவன் மன்னிப்பான் என்றும் கூறுகிறது. நல்லெண்ணத்தோடு பணிவிடை செய்பவரின் வாயிலிருந்து தவறி வந்துவிடும் சொல்லைப் பற்றியது இது என்று முன்னோர் விளக்கம் தந்துள்ளார்கள். ஆகவே தௌபாச் செய்யுங்கள். வாப்பாவின் கையைப் பிடித்துக்கொள்ளுங்கள். நீங்கள் அதட்டியதை அவர் மறந்திருப்பார். நீங்கள் கையைப் பிடித்திருக்கும் இதம் அவர் மனத்தில் தங்கும்.

யா அல்லாஹ்! தளர்ந்த வயதின் சோதனையை விட்டும் எங்களைக் காப்பாயாக! அச்சோதனையில் இருக்கும் எங்கள் பெற்றோரின் பழைய அமல்களைக் குறைவின்றி ஏற்றுக்கொள்வாயாக! சிறு வயதில் எங்களை வளர்த்த அவர்களுக்கு நீ இரக்கம் காட்டுவாயாக! எங்கள் பெயர் அவர்களுக்கு மறந்துபோனாலும், அவர்களுக்குரிய கடமையை நாங்கள் மறவாதிருக்க அருள்வாயாக! ஆமீன்! ஆமீன்! யா ரப்பல் ஆலமீன்!